குறுக்கும் கீழ்முதுகும்: மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் தாமிரபரணி வட்டாரப் பேச்சு வழக்கு

ஆய்வுச்சுருக்கம்

உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழில் கலைச்சொல் ஆக்கும் முயற்சி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறுடையது. அம்முயற்சி பற்றிய விவாதங்கள் வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கிலச்சொல்லா என்னும் வினாவைச் சுற்றியே நடந்துள்ளன. நோயாளியின் வாயில் வழங்கும் சொல் அவ்விவாதத்தில் தனித் தரப்பாக இடம்பெறவில்லை. பத்தமடை உள்ளிட்ட தாமிரபரணி வட்டாரத்தில் வழங்கும் சில சொற்களை முன்வைத்து, அவை ஏன் விடுபட்டன என்பதையும் எவ்விடத்தில் அவை கலைச்சொல்லாகத் தகுதியற்றவை என்பதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், உறுப்புப் பெயர், நோய்ப் பெயர், நெல்லை வட்டார வழக்கு, தகுதி வழக்கு.

குறுக்கு

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடை கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். தரையோடு ஒட்டிய தறியில் குனிந்தமர்ந்து, பாவின் ஊடே கோரையை ஒவ்வொன்றாகச் செலுத்தும் வேலை அது. அவ்வேலையில் நெடுநேரம் இருப்பவர் எழும்போது கையை வைத்துக்கொள்ளும் இடம் முதுகும் அன்று, இடுப்பும் அன்று. விலாவெலும்பின் கீழ் எல்லைக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் இடைப்பட்ட பின்புறப் பகுதி அது. அதற்கு இவ்வட்டாரத்தில் ஒரே சொல்தான் உண்டு: குறுக்கு. “குறுக்கு வலிக்கு” என்று சொன்னால் வயல்வேலை செய்பவர்க்கும், பாய் முடைபவர்க்கும், பேருந்து ஓட்டுபவர்க்கும் இடம் ஐயமின்றிப் புலப்படும்.

மருத்துவக் கையேடுகளிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் இதே இடத்திற்குக் “கீழ்முதுகு” என்னும் பெயர் வழங்குகிறது. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வடிவம் அது. ஆங்கிலத்தில் அந்தப் பகுதிக்கு எளிய தனிச்சொல் வழக்கிலில்லாமையால் அம்மொழியினர் முதுகை மேல், கீழ் என்று பிரித்துக்கொண்டனர். தமிழில் தனிச்சொல் இருக்கும்போது அப்பிரிவினையையும் சேர்த்து இரவல் வாங்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? “கீழ்முதுகு” என்பது தமிழ்ச்சொல்தான். இரு கூறுகளும் தூய தமிழ். சொல்லாக்க நெறிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் அனைத்திலும் அது தேறிவிடும். ஆயினும் அது எந்தத் தமிழர் வாயிலும் பிறந்த சொல்லன்று. “குறுக்கு” என்பதோ வட்டார வழக்கு என்னும் பெயரால் முதற்படியிலேயே நீக்கப்படும். எல்லைத் துல்லியம் என்னும் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் நீக்கப்பட்ட சொல்லே மேலானது. கலைச்சொல்லுக்கு முதற்பண்பு துல்லியம் என்று ஒப்புக்கொள்வோர் இம்முரணுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

யாருடைய வழக்கு

தமிழில் மேலை மருத்துவ நூல்களைப் பெருமளவில் பெயர்த்த முதல் முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிசனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் அங்கு வந்தார். மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, தம் மாணாக்கர் துணையோடு பல பாடநூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் முதலாவதன் பெயர் “அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்” என்பது. அங்காதிபாதம் என்றால் உடற்கூற்றியல். சுகரணவாதம் என்றால் உடலியங்கியல். உற்பாலனம் என்றால் நலவழி. இலண்டனில் 1858-இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூல் 1872-இல் “மனுஷ அங்காதிபாதம்” எனத் தமிழில் வந்தது. பதினான்கே ஆண்டு இடைவெளி. இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் வியப்பளிக்கும் விரைவு இது. ஆனால் நூற்பெயரிலுள்ள மூன்று துறைப் பெயர்களுள் ஒன்றுகூட இன்று தமிழ்நாட்டில் வழக்கில் இல்லை. வேதியியலுக்குக் “கெமிஸ்தம்” என்று ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட கிறீன், உடலுக்கு மட்டும் வடமொழியை நாடினார். புதிய பொருளுக்கு இரவல் ஒலி போதும், உடலுக்கோ சாத்திரத் தகுதி வேண்டும் என்னும் கருத்து இத்தேர்வில் வெளிப்படுகிறது.

அதன்பின் நடந்தவை தமிழாய்வாளர் நன்கறிந்தவை. 1916-இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் நடத்திய சாத்திர பரிபாஷை முயற்சி குறிப்பிடத்தக்கது. பின்னர் இக்களத்தின் நடுவிடமாகத் திருநெல்வேலியே அமைந்தது. 1934-இல் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் முயற்சியால் உருவான சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், பெயரில் சென்னையைத் தாங்கினாலும் நெல்லையில் இயங்கியது. அச்சங்கம் 1936-இல் சென்னையில் கூட்டிய சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். 1938-இல் ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்களோடு “கலைச்சொற்கள்” நூல் வெளிவந்தது. உடலியலும் அதன் துறைகளுள் ஒன்று. 1940-இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழுவின் வடமொழிச் சார்பை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியிலும் இச்சங்கத்தாரின் பங்கு பெரிது. சிறுநீரகம், இரைப்பை, நுரையீரல் போன்ற சொற்கள் பள்ளிப் பாடநூலில் இன்று இயல்பாக அமர்ந்திருப்பதற்கு அத்தலைமுறையின் போராட்டமே அடித்தளம். அதை மறுப்பார் யாருமிலர்.

ஆனால் அவ்வழக்கில் கட்சிகள் இரண்டே. ஒருபக்கம் வடசொல், மறுபக்கம் தனித்தமிழ். ஆங்கிலம் வாசலில் காத்திருந்தது. தாமிரபரணிக் கரையிலேயே அமர்ந்து சொல் தேடியவர்கள் நிகண்டையும் இலக்கியத்தையும் புரட்டிய அளவிற்கு ஆற்றங்கரைப் பேச்சைச் செவிமடுத்ததற்கான தடயம் இன்று நிலைபெற்றுள்ள உறுப்புப் பெயர்களில் அரிதாகவே தென்படுகிறது. இதற்கு அவர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. பேச்சு வழக்கைத் தொகுக்கும் கல்வித்துறை மரபே தமிழில் பின்னர்தான் வலுப்பெற்றது, கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி வெளிவந்தது 1982-இல். மேலும், வடசொல்லை எதிர்த்து நிற்கும் சொல்லுக்குத் தொன்மைச் சான்று காட்ட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. “குறுக்கு” அவ்வழக்கில் சாட்சியாக நிற்கத் தகுதியற்றதாகக் கருதப்பட்டிருக்கும்.

பத்தமடையில் 1887-இல் குப்புசாமி என்னும் பெயரோடு பிறந்து, தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, பின்னாளில் இரிசிகேசத்துச் சுவாமி சிவானந்தராக அறியப்பட்டவர், 1909-இல் ஒரு மருத்துவ இதழ் தொடங்கினார். அதன் பெயர் “அம்புரோசியா”. கிரேக்கத் தேவர்களின் அமுது. நெல்லைச் சீமையின் மருத்துவர் ஒருவர் நலவாழ்வு பற்றி எழுத முற்பட்டபோது கைக்கெட்டிய பெயர் ஏதென்ஸ் வழியாக வந்தது என்பதில், அக்காலத்து மருத்துவக் கல்வியின் மொழிச்சூழல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தகுதி வழக்கும் உடலும்

பேச்சுச் சொற்கள் விடுபட்டதற்கு மொழித்தூய்மை விவாதம் மட்டும் காரணமன்று. உடல் பற்றிய சொல்லில் நாணமும் அச்சமும் கலந்தே இருக்கும். இதை விளக்க நன்னூல் கூறும் தகுதி வழக்கின் மூவகை பெரிதும் உதவுகிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி.

சிறுநீரகத்திற்குச் சித்த மருத்துவ வழக்கிலும் இறைச்சிக் கடையிலும் உள்ள பெயர் குண்டிக்காய். வடிவமும் இடமும் ஒருங்கே உணர்த்தும் சொல். அவையில் சொல்லக் கூசும் ஓர் உறுப்புப் பெயர் அதில் முன்னொட்டாக நிற்பதால் பாடநூலில் அதற்கு இடமில்லை. “சிறுநீரகம்” நல்ல ஆக்கமே. அதன் வெற்றி இடக்கரடக்கலின் வெற்றி. மண்ணீரலின் கதை வேறு. ஆட்டிறைச்சி விற்குமிடத்தில் அதற்குச் சுவரொட்டி என்று பெயர். இரத்தம் குறைந்தவர்க்கு அதை வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் பரவலானது. அதே வீட்டுப் பிள்ளை பாடநூலில் படிக்கும் மண்ணீரல் அடுப்பிலிருந்த சுவரொட்டியே என்பதை எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. பொதுத் தமிழில் சுவரொட்டி திரைப்பட விளம்பரமாகிவிட்டதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

இடக்கரடக்கலுக்கு இன்று தமிழைவிட ஆங்கிலமே மிகுதியாகப் பயன்படுகிறது. யூரின், மோஷன், பீரியட்ஸ் ஆகியவற்றைத் தமிழறியாமையின் விளைவென்று பழிப்பது மேலோட்டமான மதிப்பீடு. கூச்சமின்றிச் சொல்லத்தக்க தமிழ்ச்சொல் இல்லாத இடத்தில் அவை குடியேறின. “தீட்டு”, “வீட்டுக்குத் தூரம்” என்னும் தொடர்களில் விலக்கின் சுமை இருக்கிறது. “மாதவிடாய்” எழுத்தில் மட்டும் உயிர்க்கிறது. பெண்ணொருத்தி மருத்துவரிடம் “பீரியட்ஸ்” என்று சொல்வது அச்சுமையை இறக்கிவைத்துவிட்டுப் பேசுவதாகும். மாற்றுச்சொல் முன்வைப்போர் தூய்மையை மட்டும் எண்ணி, இவ்விடுதலையை எண்ணாமற்போனால் அச்சொல் அகராதியோடு நின்றுவிடும்.

மங்கலத்திற்கு அம்மை நோய்களே சிறந்த எடுத்துக்காட்டு. நோயை அம்மையாகவும் கொப்புளத்தை முத்தாகவும் சொல்லும் வழக்கில் அச்சம் வழிபாடாக மாறியுள்ளது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் 1980-இல் அறிவித்த பின்னும் அச்சொல்லமைப்பு அழியவில்லை. தட்டம்மை, சின்னம்மை எனப் பாடநூல்களே அதைத் தொடர்கின்றன. எஞ்சியது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல ஒரு தொழிற்குழு தனக்குள் வழங்குவது. கலைச்சொல் தன் இயல்பில் குழூஉக்குறியே, அதில் தவறில்லை. குழுவுக்கு வெளியே உள்ளவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும் தாளில் அது அச்சாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சில்லும் கெண்டையும்

மேலை மருத்துவச் சொற்கள் பிறப்பிலேயே சாத்திரத் தன்மை உடையவை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அச்சொற்களின் பிறப்பை நோக்கினால் அது தவறென்பது விளங்கும். முழங்கால் முன்னெலும்பின் இலத்தீன் பெயரான பட்டெல்லா “சிறு தட்டு” என்று பொருள்படும். கீழ்க்கால் எலும்பாகிய டிபியா ஒரு குழலிசைக் கருவியின் பெயர். அதன் அருகிலுள்ள பிபுலா ஆடைக்கொக்கி. இடுப்புக்கூட்டின் பெயரான பெல்விஸ் கழுவுதொட்டி. முதுகெலும்பின் வால்நுனியாகிய காக்சிக்ஸ் குயிலின் அலகை ஒத்ததெனக் கிரேக்கர் கருதினர். தசைக்குரிய மஸ்குலஸ் “சுண்டெலி”. தோலுக்கடியில் எலி ஓடுவது போன்ற அசைவால் அப்பெயர் வந்தது என்பர். அடுக்களையும் தெருவும்தான் அச்சொற்களின் பிறந்தகம்.

தமிழ்ப் பேச்சும் இதே வழியில் சென்றிருக்கிறது. முழங்கால் எலும்பைச் சில்லு என்பர்; உடைந்த மண்பாண்டத் துண்டு. உரோமானியனுக்குத் தட்டு, நெல்லைக்காரனுக்கு ஓட்டுத்துண்டு, வேறுபாடு அவ்வளவே. கீழ்க்காலின் பின்தசை கெண்டை; நடுவில் பருத்து இருமுனையும் குறுகிய மீன்வடிவம். இலத்தீன் எலியைக் கண்ட இடத்தில் தமிழ் மீனைக் கண்டது. அத்தசை இழுத்துப் பிடிக்கும்போது “கெண்டை பிரண்டுவிட்டது” என்னும் தொடரில் மீன் துள்ளுவதும் தெரிகிறது. இவை காட்சியளவில் கிரேக்க, இலத்தீனச் சொற்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல. குறைந்தது அவற்றை மேடையேற்றும் துணிவு. இலத்தீனக் கொக்கியை “சாத்திரம்” என்று வணங்கிவிட்டுத் தமிழ்ச் சில்லை “கொச்சை” என்று ஒதுக்கும் மனநிலையைச் சொல்லாக்கக் குழுக்களின் இருதரப்பும் பகிர்ந்துகொண்டன.

நரம்பு

எனினும் பேச்சு வழக்கு எங்கும் சரி என்று வாதிடுவது மற்றொரு மிகைப்பாடாகும். “நரம்பு” அதற்குத் தக்க சான்று.

பாடநூல்கள் மூளையிலிருந்து உணர்வும் ஏவலும் கடத்தும் இழைக்கு நரம்பென்று பெயரிட்டு, குருதி செல்வனவற்றைத் தமனி, சிரை என்று பிரித்து, தசையை எலும்போடு பிணைப்பதைத் தசைநாண் என்றன. மக்கள் வழக்கில் மூன்றும் நரம்பே. நரம்பில் ஊசி போடுவது சிரையில். நரம்பு சுளுக்கிக்கொள்வது தசையிலோ நாணிலோ. நரம்புத் தளர்ச்சி என்பது வேறெதையோ. காலில் சிரை புடைத்து முறுக்கிக்கொண்டவர் “நரம்பு சுருண்டுவிட்டது” என்று கூறி, நரம்பியல் மருத்துவரைத் தேடிச் செல்ல இச்சொல்லே வழிகாட்டிவிடுகிறது. அவர் பார்க்க வேண்டியவரோ அறுவை மருத்துவர்.

இது தமிழுக்கு மட்டும் உரிய குழப்பமன்று. கிரேக்க நியூரான் என்னும் சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசு முதலியோர் உடலை அறுத்து ஆய்ந்த பின்னரே நரம்பு தனிப் பொருளாகப் பிரிந்தது. சங்க இலக்கியத்தில் நரம்பு யாழின் தந்தி. ஆக இருமொழியிலும் அடிப்படைப் பொருள் ஒன்றே: இழுத்துக் கட்டிய கயிறு. கிரேக்கத்தில் பொருள் பிரிந்தபோது அதைப் பயன்படுத்துவோர் நடுவிலேயே பிரிந்தது. தமிழிலோ பிரிவு பாடநூலில் நடந்தது, பேச்சு பழைய இடத்திலேயே நின்றது. தமனி, சிரை இரண்டும் வடமொழி வழி வந்தவை. வீட்டிற்குள் நுழையவே இல்லை. “இரத்தக்குழாய்” நுழைந்தது. குழாய் எதுவென்று எல்லார்க்கும் தெரியும். அதில் அடைப்பு ஏற்படும் என்பதும் தெரியும். நரம்பைப் பிரித்துக்காட்ட விரும்புவோர்க்கு அக்குழாயே நல்ல கருவி.

“வாயு” இதைவிடக் கொடியது. நெஞ்சில் வரும் எவ்வகை இறுக்கத்தையும் வாயுவென்று பெயரிட்டு, பூண்டும் சோடாவும் கொடுத்துக் காத்திருப்பதால் மாரடைப்பில் மதிப்புமிக்க மணித்துளிகள் கழிகின்றன. இங்கே பேச்சுச்சொல் நோயை மறைக்கும் திரையாகிறது. “இரத்தக்கொதிப்பு” என்பதும் அவ்வாறே: கொதிப்பதென்றால் உணரப்பட வேண்டும், சினத்தோடு வர வேண்டும். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் ஓர் அறிகுறியுமின்றி இருப்பது. கொதிப்பு தெரியாதபோது மாத்திரை எதற்கு என்னும் கேள்வி சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. இத்தகைய இடங்களில் “அழுத்தம்” வெல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை; பிரஷர் என்னும் வடிவில் அது ஓரளவு வென்றும் விட்டது.

தாயின் சொல்

பேச்சுச்சொல் அரசு ஏட்டில் தயக்கமின்றி ஏறிய ஒரு களம் உண்டு. பொன்னுக்கு வீங்கி, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், தட்டம்மை: இவை பள்ளிப் பாடநூலிலும் தடுப்பூசி விளக்கங்களிலும் அச்சானவை. தனித்தமிழ், வடமொழி விவாதம் எதுவும் இவற்றைத் தீண்டவில்லை. காரணம் வெளிப்படை. இந்தியாவில் 1978-இல் தொடங்கி 1985-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தில், குறித்த நாளில் குழந்தையைத் தூக்கிவர வேண்டியவர் தாய். அவருக்குப் புரியாத சொல்லால் திட்டம் நடவாது. “இளம்பிள்ளை வாதம்” அழகிய ஆக்கமாக இருந்தும் 1995-இல் தொடங்கிய பெருந்திரள் முகாம்களில் “போலியோ சொட்டு மருந்து” முன்னின்றதும் இதே விதிப்படிதான். இச்சேர்க்கையில் முதற்சொல் ஆங்கிலம், எஞ்சிய இரண்டும் வீட்டுச்சொற்கள்.

இலங்கைத் தமிழ் வழக்கும் இதை உறுதிப்படுத்துகிறது. தட்டம்மைக்குச் சின்னமுத்து, நீர்க்கொளுவனாகிய சின்னம்மைக்குக் கொப்புளிப்பான், பொன்னுக்கு வீங்கிக்குக் கூகைக்கட்டு, குடற்காய்ச்சலுக்கு நெருப்புக்காய்ச்சல், காமாலைக்குச் செங்கண்மாரி என அங்கே வழங்குவன எல்லாம் மக்கள் வாய்ச்சொற்கள். அதே நாட்டில் அறுவை “சத்திரசிகிச்சை”யாகவும் மருத்துவமனை “வைத்தியசாலை”யாகவும் உள்ளன. கிறீனின் மரபு நிறுவனத்திலும் சிகிச்சையிலும் நீடிக்க, நோய்ப் பெயரில் தாய்மார் மரபு நின்றிருக்கிறது. தமிழ்நாட்டையும் ஈழத்தையும் ஒருசேர நோக்கினால் ஒரு பொதுமை புலனாகிறது: மக்களின் ஒத்துழைப்பு எங்கே தேவைப்படுகிறதோ அங்கே மக்களின் சொல் ஏற்கப்படுகிறது, உடல் வெறுமனே சோதிக்கப்படுமிடத்தில் அது ஏற்கப்படுவதில்லை. சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் இதனை அதிகாரம் சார்ந்த வினாவாக இதுவரை போதிய அளவு எழுப்பவில்லை.

வலியின் பெயர்கள்

பேச்சு வழக்கின் இழப்பு மிகுதியாக உணரப்படுவது நோவைக் குறிக்கும் சொற்களில். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வலி வினாநிரல் 78 சொற்களைக் கொண்டது. நோயாளி தன் வலியின் தன்மையைச் சொல்லால் தேர்ந்து குறிக்க, அதைக்கொண்டு நோயைப் பகுத்தறிய முடியும் என்பது அதன் அடிப்படை. ஆங்கிலத்தில் அப்பட்டியல் உருவாக ஓர் ஆய்வுக்குழு தேவைப்பட்டது. தாமிரபரணி வட்டாரத்தில் அது பேச்சிலேயே கிடக்கிறது. மண்டையில் இடி, விலாவில் குத்து, காதில் குடைச்சல், வயிற்றில் பிசைதல், நீர் பிரியும்போது கடுப்பு, கழுத்தில் பிடிப்பு, நாள்முழுதும் நடந்த காலில் உளைச்சல். இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்க முடியாது. காது உளைகிறது என்று யாரும் சொல்லார்.

இவற்றுள் “உளைச்சல்” தனியே நோக்கத்தக்கது. பொதுத் தமிழில் அது மனத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டது; “மன உளைச்சல்” என்னும் தொடருக்கு வெளியே அச்சொல்லைக் காண்பதரிது. நெல்லை வழக்கில் அது இன்றும் தசையில் இருக்கிறது: கூர்மையற்ற, இடம் பரந்த, அழுத்திவிட்டால் சற்றுத் தணியும் வலி. மருத்துவமனைக் கேள்வியோ “எங்கே வலிக்குது?” என்பதோடு நிற்கிறது. உளைச்சலும் குத்தும் எரிச்சலும் வலி என்னும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. தசை சார்ந்ததும், நரம்பு அழுந்தியதால் எரிந்து பரவுவதும் வேறுவேறு மருத்துவம் வேண்டுவன என்பதை நோயாளியின் முதற்சொல்லே உணர்த்தியிருக்கும்.

நெஞ்சைப் பற்றி இது இன்னும் கூர்மையடைகிறது. மாரடைப்புக்கு ஆளாவோரில் பலர் தமக்கு நேர்வதை வலியென்று சொல்வதில்லை. பாரம், அடைப்பு, பிடித்தம் என்பர். “நெஞ்சு வலி உண்டா?” என்னும் வினாவுக்கு அவர் “இல்லை” என்று விடையளிப்பது அவர் மொழிப்படி உண்மை. “மாரடைப்பு” என்னும் சொல் தமிழ் மருத்துவச் சொற்களுள் நன்கு வேரூன்றியவற்றில் ஒன்றாக இருப்பது, அது நோயாளியின் வாயில் எழும் “அடைக்குது” என்னும் வினையின் மேலேயே கட்டப்பட்டிருப்பதால். அவ்வெற்றியிலிருந்து வினாநிரல்கள் இன்னும் பாடம் கற்கவில்லை.

பாளையங்கோட்டையில் இரு கல்லூரிகள்

பத்தமடையிலிருந்து ஒருவர் மருத்துவம் நாடிப் பாளையங்கோட்டைக்கு வந்தால் இரு வாயில்கள் உள்ளன. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இலும் தொடங்கப்பெற்றவை. முன்னதில் கழுத்தெலும்புத் தேய்வு சகனவாதம், செதிலுதிரும் தோல்நோய் காளாஞ்சகப்படை, சர்க்கரை மதுமேகம். பின்னதில் அவையே ஆங்கிலப் பெயரோடும், துண்டறிக்கையில் கலைச்சொல் வடிவத்தோடும் நிற்கும். 4448 நோய்களை எண்ணும் சித்த மரபு தமிழ் மரபே. ஆயினும் அதன் சொற்களும் நோயாளிக்குக் குழூஉக்குறிதான். தமிழ் என்னும் அடையாளம் ஒரு சொல்லைத் தானாகவே எளியதாக்கிவிடுவதில்லை. குறுக்கு வலியோடு வந்தவர் முதல் வாயிலில் வாதத்தையும் இரண்டாம் வாயிலில் தண்டுவட வட்டையும் கேட்டுத் திரும்புகிறார்.

இங்கே வேண்டப்படுவது மீண்டும் ஒரு பெரும் பட்டியலன்று. இருக்கும் பட்டியல்களில் ஒவ்வொரு உறுப்பு, நோய்ப் பெயருக்கும் எதிரே வட்டார வழக்குகளைக் குறித்து, எல்லை பொருந்துவன, பொருந்தாதன, மயக்கம் தருவன என்று பகுத்துக் காட்டும் மதிப்பீடு. குறுக்கு, கெண்டை, சில்லு, கரண்டை பொருந்துவன. பாடநூலில் முதன்மைச் சொல்லாகவே நிற்கலாம். நரம்பு பொருந்தாதது, விளக்கத்தோடு தர வேண்டும். வாயு மயக்கம் தருவது. எச்சரிக்கையோடு தர வேண்டும். இப்பகுப்பைச் செய்ய மொழியியலாளரும் மருத்துவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். பாளையங்கோட்டையில் அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

அம்மேசையில் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்க சொல் “நெறி”. காலில் புண் வந்தவர்க்குத் தொடையிடுக்கிலும், கையில் புண் வந்தவர்க்கு அக்குளிலும் கட்டி எழுவதை “நெறி கட்டியிருக்கு” என்பர். புண் ஓரிடம், கட்டி வேறிடம். இரண்டையும் இணைக்கும் ஒரு வழி உடலுக்குள் உண்டென்பதை அச்சொல்லை வழங்குவோர் அறிந்தே வைத்திருக்கின்றனர். நெறி என்பதற்கு வழி என்றும் பொருள் இருப்பது தற்செயலா என்பது சொற்பிறப்பியலார் ஆராய வேண்டியது. பாடநூல் இதே செய்தியை நிணநீர், நிணநீர் நாளம், நிணநீர் முடிச்சு என்னும் மூன்று சொற்களால் கற்பிக்கிறது. மாணவர் மூன்றையும் மனப்பாடம் செய்கின்றனர். தம் தொடையிடுக்கில் தாமே தொட்டறிந்த நெறிதான் அம்முடிச்சு என்பதை அறிவதில்லை. யானைக்கால் நோயில் கால் வீங்குவதற்குப் பல்லாண்டு முன்னரே காய்ச்சலோடு நெறி கட்டுவது தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. “நிணநீர் முடிச்சு வீக்கம்” ஏற்பட்டால் மருத்துவரை அணுகுமாறு சொல்லும் அறிவிப்பைப் படிப்பவர், நெறி கட்டிய காலோடு அதைக் கடந்து செல்கிறார்.